ஆற்றைக் கடந்தால் மலை

டிசம்பர் 18-ஆம் நாள் பரங்கிமலைத் திருவிழா. கிறிஸ்து பிறப்புக்குச் சரியாக ஏழு நாள் இருக்கையில், பேறுகாலத்தை எதிர்நோக்கியிருக்கும் அன்னை மரியாவை நினைவுகூரும் நாள் அது. ஐபீரிய நாடுகளின் திரு அவையில் 7-ஆம் நூற்றாண்டு தொட்டு வழங்கிவந்த இத்திருநாளைப் போர்த்துக்கீசியர் கடல் கடந்து கொண்டுவந்து நம் மலையுச்சியில் நிலைநாட்டினார்கள். அவர்கள் தங்கள் நாட்காட்டியைப் பார்த்து நாள் குறித்தார்கள்; நம் வானத்தைப் பார்த்துக் குறிக்கவில்லை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்த மழை ஏரிகளை நிரப்பி, ஏரிகள் கலிங்கல் வழிந்து, அடையாறு கரை தொட்டு ஓடுகின்ற காலமன்றோ மார்கழித் தொடக்கம்? மயிலையிலிருந்தும் கோட்டைப் பக்கத்திலிருந்தும் திருவிழாவுக்குப் புறப்பட்டவர்கள் ஆண்டின் மிகக் கடினமான நாட்களில் ஆற்றில் இறங்க வேண்டியிருந்தது.

சின்னமலைத் திருவிழாவோ உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பின் சில வாரங்கள் கழித்துச் சித்திரை, வைகாசி வெயிலில் வருகிறது. அப்போது அடையாறு பெரும்பாலும் மணல்தான். நடுவில் ஓடும் நீர்க்கோடு கணுக்காலை நனைக்கும், அவ்வளவே. ஒரே ஆறு, ஒரே கரையிலுள்ள இரு மலைகள். ஒன்றுக்குச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போகலாம். மற்றொன்றுக்கு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகவேண்டும் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. அக்காலத்தையும் அதை முடித்துவைத்த ஒரு மனிதரையும் பற்றி எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சாந்தோமிலிருந்து சின்னமலைக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர். அங்கிருந்து பரங்கிமலை இன்னும் நாலு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். மலையின் உயரமும் 300 அடி அளவுதான். பொதிகையும் பழனியும் கண்ட தமிழர்களுக்கு இதை மலை என்று சொல்லவே கூச்சம் வரலாம். ஆனால் சென்னையைச் சுற்றிய நிலம் தட்டையானது. கடலிலிருந்து வருகிறவனுக்கு முதலில் தெரியும் மேடு இதுதான். இன்று சின்னமலை என்ற பெயரிலும் பரங்கிமலை என்ற பெயரிலும் மெட்ரோ இரயில் நிலையங்களே இருக்கின்றன. ஆகவே தொலைவு என்பதை நாம் உணர்வதில்லை. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னோ, மயிலைத் தெருக்கள் முடிந்தபின் தோப்பும் வயலும், பிறகு மாம்பலம் என்ற சிற்றூர், பிறகு ஆறு, ஆற்றுக்கு அப்பால் புதர்க்காடு, அதற்கும் அப்பால் மலை. காலையில் புறப்பட்டவர் மலையேறி வழிபட்டு அன்றே வீடு திரும்புவாரா என்பதை ஆறுதான் முடிவு செய்தது.

தோமையாரைப் பற்றி நாம் கேட்டு வளர்ந்த கதைகளில் இந்த ஆறு வருவதே இல்லை என்பது வியப்பாக இருக்கிறது. மயிலையில் அவர் போதித்ததைச் சொல்வார்கள். பகைவர்களுக்கு ஒதுங்கிச் சின்னமலைக் குகையில் தங்கியதைச் சொல்வார்கள். அங்கே பாறையிலிருந்து சுரந்த ஊற்றையும், குகையின் துளை வழியே அவர் தப்பிச் சென்றதையும், கி.பி. 72-இல் பெரிய மலையில் ஈட்டியால் குத்தப்பட்டதையும் சொல்வார்கள். மயிலைக்கும் குகைக்கும் நடுவே ஓடுகிற ஆற்றை அவர் எப்படிக் கடந்தார் என்பதை மட்டும் சொல்வதில்லை. நடந்துதான் கடந்திருப்பார். எல்லாரும் செய்வதைக் கதை குறித்துவைப்பதில்லை போலும்.

மரபையும் ஆவணத்தையும் நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, திருத்தூதரின் கல்லறை ஒரு சிற்றூரில் இருப்பதாகவும், கிறித்தவரும் இசுலாமியரும் அங்கே திருப்பயணம் வருவதாகவும், அவ்விடத்துச் செம்மண்ணைக் காய்ச்சலுக்கு மருந்தாக எடுத்துச் செல்வதாகவும் எழுதிவைத்தார். பரங்கிமலையில் 1523-இல் ஆலயம் எழுப்பிய போர்த்துக்கீசியர், 1547-இல் அங்கே நிலத்தைத் தோண்டியபோது பகலவி எழுத்துகள் பொறித்த கற்சிலுவை ஒன்றைக் கண்டெடுத்தார்கள். பகலவி என்பது பழைய பாரசீக மொழி. அவ்வகைச் சிலுவைகள் கேரளத்திலும் உள்ளன. போர்த்துக்கீசியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பாரசீகத் திரு அவையோடு உறவுகொண்ட கிறித்தவர்கள் இங்கே வழிபட்டார்கள் என்பதற்கு இச்சிலுவை போதுமான சான்று. மலையின் பெயரைப் பற்றியும் இரு கருத்துகள் உண்டு. போர்த்துக்கீசியரைப் பரங்கியர் என்று அழைத்ததால் பரங்கிமலை என்பர் சிலர். பிருங்கி முனிவர் தவம் செய்ததால் பிருங்கிமலை என்பர் சிலர். இரண்டும் மக்கள் நாவில் வாழ்கின்றன, இருந்துவிட்டுப் போகட்டும்.

சிலுவை பாரசீகத்திலிருந்து வந்த உறவைக் காட்டுகிறது. அந்தப் பாரசீகத்திலிருந்தே நம் பாலம் கட்டியவரும் வந்தார்.

அவர் பெயர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான். ஆர்மேனியர், கத்தோலிக்கர், பெருவணிகர். பிறந்தது 1680-ஐ ஒட்டி, ஈரானின் இசுபகான் நகரை அடுத்த புதிய ஜூல்பாவில். அந்த ஊர் எப்படித் தோன்றிற்று என்று பார்த்தால் அங்கேயும் ஓர் ஆற்றைக் கடந்த கதை நிற்கிறது.

பழைய ஜூல்பா அராஸ் ஆற்றங்கரையில் செழித்திருந்த ஆர்மேனிய நகரம். பட்டு வணிகத்தில் பெயர்பெற்றது. 1604-இல் துருக்கியரோடு போரிட்டுக்கொண்டிருந்த பாரசீக மன்னர் ஷா அப்பாஸ், பின்வாங்கும்போது பகைவருக்கு ஒன்றும் மிஞ்சக்கூடாது என்று எண்ணி, அப்பகுதி ஆர்மேனியர்கள் அனைவரையும் வீடு வாசலை விட்டு அராஸ் ஆற்றைக் கடந்து ஈரானுக்குள் போகுமாறு விரட்டினார். ஓடங்கள் போதவில்லை. பின்னால் படைவீரர்கள், முன்னால் வேகம் மிகுந்த ஆறு. முதியோரும் குழந்தைகளும் பலராக நீரில் மூழ்கிப்போனதை அந்த நூற்றாண்டு ஆர்மேனிய வரலாற்றாசிரியரான தப்ரீசு நகர அராகேல் எழுதிவைத்திருக்கிறார். கரையேறியவர்களுள் ஜூல்பா வணிகர்களுக்கு இசுபகானுக்குத் தெற்கே சாயந்தே ஆற்றின் மறுகரையில் இடம் கொடுக்கப்பட்டது. அவர்கள் தங்கள் பழைய ஊரின் பெயரையே அதற்கு வைத்தார்கள். அந்தக் கரைக்கும் இசுபகான் நகருக்கும் நடுவே மன்னரின் தளபதி அல்லாவெர்தி கான் கட்டிய 33 வளைவுகள் கொண்ட பாலம் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஜூல்பாவின் பிள்ளைகள் அந்தப் பாலத்தைப் பார்த்தே வளர்ந்தார்கள்.

ஒருபுறம் பாலமில்லாமல் மூழ்கிய முன்னோரின் நினைவு, மறுபுறம் நாள்தோறும் கண்ணெதிரே 33 வளைவுப் பாலம். இவற்றுக்கும் பிற்காலத்தில் உஸ்கான் அடையாற்றில் செய்த வேலைக்கும் தொடர்பு உண்டு என்று எந்த ஆவணமும் கூறவில்லை. நாமும் அப்படி முடிவுகட்டமாட்டோம். ஆயினும் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாராமல் இருக்க நம்மால் இயலவில்லை.

கீழைக்கடல் வணிகத்தில், சிறப்பாக மணிலாவோடு நடந்த வணிகத்தில், பெரும்பொருள் ஈட்டிய உஸ்கான் 1723-ஐ ஒட்டிச் சென்னைக்கு வந்து நிலைகொண்டார். ஆர்மேனியர்கள் அதற்கு முன்பே இங்கே வேரூன்றியிருந்தார்கள். திருத்தூதர் தோமையாரின் கல்லறை இருக்கும் ஊர் என்பதால் அவர்களுக்கு இவ்வூர் வணிகத்தலமாக மட்டும் தோன்றவில்லை. பெரிய மலைக்கு அவர்கள் விரும்பிப் போனார்கள். போகும் வழியில் ஆறு குறுக்கிட்டது. 1726-இல் உஸ்கான் அதன்மேல் பாலம் கட்டினார். பல வளைவுகள் கொண்ட அந்தப் பாலம் மாம்பலத்துக்குத் தெற்கே அமைந்ததால் மாம்பலம் பாலம் எனப்பட வேண்டியது. ஆங்கிலேயர் நாவில் அது மார்மலாங் பாலம் ஆயிற்று. நம் ஊர்ப்பெயர்கள் பட்ட பாட்டுக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

பாலத்தோடு அவர் நிற்கவில்லை. ஆற்றைக் கடந்தவன் மலையடிவாரத்துக்கு வந்து கரடுமுரடான பாறையில் தொற்றி ஏற வேண்டியிருந்தது. அகன்ற கருங்கற்படிகளை அடிவாரம் முதல் உச்சி வரை அவர் அமைத்தார். படிகள் 160 என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஏறுகிறவர்கள் எண்ணிச் சொல்லும் தொகை ஒன்றோடொன்று ஒத்துவருவதில்லை. இளைத்து நிற்கும் இடத்தில் எண்ணிக்கை தவறிவிடுகிறது. பாலத்துக்கு அவர் செலவிட்டது 30,000 வராகன். அதைவிட நம்மைக் கவர்வது வேறொரு சிறு தொகை. பிற்காலப் பராமரிப்புக்கென்று 1,500 வராகனைத் தனியே ஒதுக்கிவைத்தார். கட்டித் திறந்து பெயர் பொறித்துக்கொள்வதற்குப் பணம் தருவோர் எக்காலத்திலும் உண்டு. கட்டியதைப் பழுதுபார்க்கப் பணம் வைத்துவிட்டுப் போகிறவர் அரியவர். நம் கோயில்களின் கூரைகளையும் கல்லறைத் தோட்டங்களின் மதில்களையும் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

அவர் ஏன் கட்டினார்? பாலத்தருகே நிறுத்தப்பட்ட கல்வெட்டு, பொதுமக்களின் நன்மைக்காக என்று சொல்கிறது. வணிகர் ஒருவர் சொல்வதை அப்படியே ஏற்பதா என்று ஐயுறுவோர் இருக்கலாம். தெற்கேயிருந்தும் மேற்கேயிருந்தும் துணிப்பொதிகள் கோட்டைக்கு வரும் பாதை அது. மழைக்காலத்தில் பொதிகள் தங்கிப்போனால் வணிகர்களுக்கே இழப்பு. ஆதலால் பாலத்தால் அவருக்கும் பயன் இருந்திருக்கும் என்பதை மறுக்கவேண்டியதில்லை. ஆனால் மலைமீது போட்ட கற்படிகளில் எந்தப் பொதியும் ஏறி இறங்கப்போவதில்லை. உச்சியில் சந்தை இல்லை, ஆலயம்தான் இருந்தது. பாலத்தின் உள்நோக்கத்தைப் படிகள் சொல்லிவிடுகின்றன என்று கருதுகிறோம்.

பாலம் வந்ததால் ஆற்றில் நடந்து கடப்பது நின்றுவிடவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து வேறு சிலர் வேறு நோக்கத்தோடு அதே ஆற்றில் இறங்கினார்கள். 1746 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே சென்னையைக் கைப்பற்றினார். நகரைத் தமக்குத் தரவில்லை என்று சினந்த ஆர்க்காட்டு நவாப், தம் மகன் மாபூஸ் கானைப் பெரும்படையோடு அனுப்பினார். அவர் படை அடையாற்றின் வடகரையில், ஆறு கடலை நெருங்கும் இடத்தில், பீரங்கிகளோடு அணிவகுத்து நின்றது. புதுச்சேரியிலிருந்து வந்துகொண்டிருந்த கேப்டன் பாரதி என்ற பிரெஞ்சு அலுவலரிடம் இருந்தவர்கள் ஆயிரம் பேர்கூட இல்லை. (பெயரைக் கண்டு வாசகர்கள் மயங்க வேண்டாம், சுவிட்சர்லாந்து நாட்டவர்.) எதிர்க்கரையிலிருந்து குண்டுகள் வந்து விழ, அந்தச் சிறுபடை ஆற்றுக்குள் இறங்கி நடந்து கரையேறிச் சுட்டது. நவாபின் பெரும்படை சிதறிச் சாந்தோம் தெருக்கள் வழியாக ஓடிற்று. ஐரோப்பிய முறையில் பயின்ற சிறுபடை இந்திய மன்னர்களின் பெரும்படையை வென்றுவிடலாம் என்ற துணிவு அன்றுதான் அந்நியர்களுக்குப் பிறந்தது. அதன் விளைவுகளை அடுத்த இருநூறு ஆண்டுகள் நாம் சுமந்தோம். மாரிக்காலத்து அடையாறு அன்று பெருக்கெடுத்திருந்தால் வரலாறு வேறாகியிருக்குமா என்று கேட்பது வீண்தான். இருந்தாலும் கேட்கத் தோன்றுகிறது.

மலையும் போரைக் கண்டது. 1759 பிப்ரவரியில் லாலியின் படைகள் சென்னையை முற்றுகையிட்டிருந்தபோது, மருதநாயகம் என்று நாம் அறியும் யூசுப் கான் உள்ளிட்ட படை பரங்கிமலையருகே பிரெஞ்சுக்காரரோடு பொருதது. 1769-இல் ஐதர் அலி திடீரெனக் குதிரைப்படையோடு வந்து இறங்கி ஆங்கிலேயரை அமைதி உடன்பாட்டுக்கு வரச்செய்ததும் இம்மலைப் பக்கத்தில்தான். திருப்பயணிகளுக்காகப் போட்ட பாதை படைகளுக்கும் பாதையாயிற்று. 1774-இல் மலையடிவாரத்தில் பாளையமே அமைந்துவிட்டது.

உஸ்கானுக்குத் திரும்புவோம். பிரெஞ்சுக்காரர் நகரைப் பிடித்தபோது அவருடைய வீடுகளும் சரக்குகளும் பறிபோயின. புதுச்சேரிக்கு வந்து குடியிருந்தால் உடைமையைத் திருப்பித் தருவதாக தூப்ளே சொல்லியனுப்பினார். உஸ்கான் இசையவில்லை. இத்தனை ஆண்டுகள் தம்மை வாழவைத்த நகரத்துக்குத் துன்பம் வந்தபோது பகைவரோடு சேர்வதை அவர் விரும்பவில்லை. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களிடம் ஒதுங்கியிருந்தார். 1749-இல் நகரம் ஆங்கிலேயர் கைக்கு மீண்டது. ஆனால் அவர்களுடைய மனம் மாறியிருந்தது. கத்தோலிக்கக் குருக்கள் பிரெஞ்சுக்காரருக்கு உளவு சொன்னார்கள் என்று ஐயுற்ற கம்பெனியார், கோட்டைக்குள் கப்புச்சின் துறவியர் நடத்திவந்த ஆலயத்தை இடித்தார்கள். கத்தோலிக்கரும் ஆர்மேனியரும் வெள்ளையர் நகரில் குடியிருக்கலாகாது என்று விதித்தார்கள். உஸ்கானுக்கு மட்டும் விலக்கு அளித்தார்கள்.

வேப்பேரியில் உஸ்கான் அற்புத அன்னையின் பெயரில் கட்டியிருந்த சிற்றாலயம் ஒன்று இருந்தது. அதையும் கம்பெனியார் எடுத்துக்கொள்ள முனைந்தபோது, அது தம் சொந்தப் பொருளில் கட்டிய தம் உடைமை என்று அவர் வாதாடினார். அவர் உயிரோடு இருந்தவரை அதை எடுக்கவில்லை. 1751 சனவரி 15-ஆம் நாள் அவர் மறைந்தார். உடலை வேப்பேரியில் அந்த ஆலயத்திலேயே அடக்கம் செய்தார்கள். இதயத்தை மட்டும் தனியே எடுத்துப் பேழையில் வைத்து, அவருடைய விருப்பப்படி, அவர் பிறந்த ஜூல்பாவுக்கு அனுப்பினார்கள். மறு ஆண்டே, 1752-இல், ஆலயம் கத்தோலிக்கரிடமிருந்து எடுக்கப்பட்டுச் சீர்திருத்தத் திருச்சபையின் மறைப்பணியாளர் பப்ரீசியஸ் ஐயரிடம் ஒப்படைக்கப்பட்டது.

இதை இழப்பு என்று மட்டும் எழுதி முடித்துவிட நமக்கு மனமில்லை. 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றியபோது கிடைத்த அச்சுப்பொறி வேப்பேரிக்கு வந்து பப்ரீசியஸ் ஐயர் கையில் சேர்ந்தது. அவருடைய விவிலிய மொழிபெயர்ப்பும், 1779-இல் வெளிவந்த தமிழ்-ஆங்கில அகராதியும் அந்த வேப்பேரி உழைப்பின் கனிகள். ஆர்மேனியக் கத்தோலிக்கர் கட்டிய ஆலயத்தருகே செருமானிய லூத்தரன் ஒருவர், பிரெஞ்சுக்காரரிடமிருந்து பறித்த பொறியில், தமிழ் அச்சிட்டார். பறித்தது பறித்ததுதான், அதில் நியாயம் இல்லை. அச்சேறிய தமிழும் தமிழ்தான். அவ்விடத்தில் இன்று தென்னிந்தியத் திருச்சபையின் புனித மத்தியா ஆலயம் இருக்கிறது. உஸ்கானின் கல்லறை அவ்வளாகத்திலேயே காக்கப்பட்டு வருவதை நன்றியோடு குறிப்பிடவேண்டும்.

ஆர்மேனியரைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. நம்மைப் போன்ற திங்களிதழ்க்காரர்களுக்கு அது சொந்தச் செய்தி. உலகின் முதல் ஆர்மேனிய இதழான அஸ்தரார் வெளிவந்தது நம் சென்னையில்தான். ஆண்டு 1794. நடத்தியவர் ஷிராஸ் நகரத்தவரான அருட்பணி ஆருத்யூன் ஷ்மாவோனியன். 18 இதழ்கள் வந்தன, 1796-இல் நின்றுவிட்டது. சந்தா சேராமல் நின்ற சிற்றிதழ்களின் மரபு நம் நகரத்தில் எவ்வளவு பழமையானது என்று எண்ணி ஆறுதல் கொள்ளலாம்.

இதுவரை வடகரையில் நின்றே பேசினோம். தென்கரையிலிருந்து பார்த்தால் காட்சி மாறுகிறது. தரமணியையும் வேளச்சேரியையும் எடுத்துக்கொள்வோம். இவ்வூர்கள் மலை இருக்கும் பக்கத்திலேயே உள்ளன. தரமணியிலிருந்து மேற்கே பார்த்தால் மலை ஐந்தாறு கிலோமீட்டர் தொலைவுதான். வேளச்சேரி ஏரிக்கரையைப் பிடித்து ஆதம்பாக்கம் வழியாகப் போய்விடலாம். இவ்வூரார்க்கு மலைக்குப் போக ஆறு தடையே அன்று. அவர்களுக்கு மறுகரையில் இருந்தது மயிலை: சந்தையும், கச்சேரியும், சாந்தோம் ஆலயமும். கோட்டைப் பக்கத்தார்க்குத் தொலைவாக இருந்த மலை இவர்களுக்கு அண்டை வீடு. அவர்களுக்கு அண்டை வீடான மயிலை இவர்களுக்குத் தொலைவு. கடலோரமாகக் கடக்க 1840-இல் எல்பின்ஸ்டன் பாலம் வரும்வரை இவர்களுக்கென்று பாலம் இல்லை. அந்தப் பாலத்துக்கு மாற்றாக 1973-இல் திரு.வி.க. பாலம் கட்டப்பட்டது. முகத்துவாரத்தில் மீனவர்கள் கடப்பதற்கென்று 1967-இல் கட்டிய பாலம் 1977-இல் வெள்ளத்தில் உடைந்து, உடைந்த பாலம் என்ற பெயரோடு நிற்கிறது. ஏழைகளின் பாலத்தை மட்டும் யாரும் திரும்பக் கட்டவில்லை.

இந்தத் தென்கரை வெட்டவெளியைத்தான் வில்லியம் லாம்டன் தேர்ந்தெடுத்தார். 1802 ஏப்ரல் 10-ஆம் நாள், பரங்கிமலையருகே தொடங்கித் தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை ஏறத்தாழ ஏழரை மைல் நீளத்துக்குச் சங்கிலி பிடித்து அளக்கத் தொடங்கினார். இமயம் வரை நீண்ட இந்தியப் பெரும் நில அளவைக்கு அடிக்கோடு அதுதான். அவர் தொடங்கியது கோடையில் என்பதைக் கவனிக்கவேண்டும். திருவிழாவுக்கு நாள் குறித்தவர்களைக் காட்டிலும் இவருக்கு நம் மழை நன்றாகத் தெரிந்திருந்தது. வேளச்சேரியும் பள்ளிக்கரணைச் சதுப்பும் தரமணி வயல்களும் அக்கோட்டுக்கு அருகே கிடந்த நிலங்கள். இன்று அந்தத் தரமணியில் கணினி நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே, தனிநாயகம் அடிகளார் 1964-இல் தொடங்கிய உலகத் தமிழாராய்ச்சி முயற்சியின் தொடர்ச்சியாக 1970-இல் பிறந்த உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. பழைய தமிழ் அச்சுநூல்களைக் காக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் அங்கேதான். வேப்பேரி அச்சுக்கூடத்தின் காலத்தை அறிய விரும்புவோர் இப்போது ஆற்றைக் கடந்து தென்கரைக்கு வருகிறார்கள்.

உஸ்கானின் பாலம் நெடுங்காலம் தாங்கிற்று. ஆங்கில ஓவியர் வில்லியம் ஹாட்ஜஸ் 1783-இல் அதை வரைந்தார். வளைவுகளின் வரிசையும், முன்னே ஒரு சிப்பாயும் ஊர்மக்களும் அதில் உள்ளனர். 1966-இல் பழைய பாலத்துக்கு மாற்றாகப் புதுப்பாலம் எழுந்தது. மறைமலையடிகள் பாலம் என்று பெயர் சூட்டினார்கள். மிகப் பொருத்தமான பெயர். அவ்வழியே சென்றால் வரும் பல்லாவரத்தில்தான் அடிகள் வாழ்ந்து தனித்தமிழ் வளர்த்தார். மாம்பலத்தை மார்மலாங் ஆக்கிய குற்றத்துக்கு இதைவிட நல்ல கழுவாய் கிடைத்திருக்காது. ஆனால் அந்தப் பெயர்மாற்றத்தில் ஆர்மேனியரின் பெயர் மக்கள் நினைவிலிருந்து முழுவதும் கரைந்துபோயிற்று. மார்மலாங் என்பதே அவர் பெயரன்று; ஆகவே யாரும் வேண்டுமென்று அழித்ததாகச் சொல்ல முடியாது.

எஞ்சியது சைதாப்பேட்டையில் பாலத்தருகேயுள்ள அந்தக் கல். யோசுவா தலைமையில் யோர்தானைக் காலால் கடந்த மக்கள், ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்துவந்து நாட்டினார்கள். பின்னாளில் பிள்ளைகள் இக்கற்கள் எதற்கு என்று கேட்கும்போது பெற்றோர் விடை சொல்வதற்காக அவை நாட்டப்பட்டன. யோர்தானும் அப்போது அறுவடைக்காலப் பெருக்கில் கரைபுரண்டு கிடந்தது என்று அந்நூல் கூறுகிறது. நம் கல்லைப் பார்த்துப் பிள்ளைகள் கேட்கக் காணோம். கேட்டாலும் படித்துச் சொல்வது எளிதன்று. அதில் ஆர்மேனியம் இருக்கிறது, பாரசீகம் இருக்கிறது, இலத்தீன் இருக்கிறது; தமிழ் இல்லை. யாருடைய நன்மைக்காகப் பாலம் கட்டப்பட்டதோ அவர்களுடைய மொழியில் அதைச் சொல்ல அன்று எவருக்கும் தோன்றவில்லை. இன்று பக்கத்தில் தமிழில் ஒரு பலகை வைப்பதற்கு 30,000 வராகன் ஆகாது.

2015 டிசம்பர் தொடக்கத்தில் பெருமழை பெய்து, செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்டு, அடையாறு இருகரையும் உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்தபோது மறைமலையடிகள் பாலத்தையே மூட வேண்டியதாயிற்று. வடகரையார் வடகரையிலும் தென்கரையார் தென்கரையிலும் நின்றார்கள். இடுப்பளவு நீரில் தலையில் மூட்டையோடு நடந்தவர்களை அன்று எல்லாரும் பார்த்தோம். அது மார்கழித் திருவிழாவுக்கு இரண்டு வாரம் முன்பு.

பரங்கிமலை 2002-இல் புதிதாக அமைந்த செங்கல்பட்டு மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. 2011-இல் தேசியத் திருத்தலம் ஆயிற்று. வாகனங்கள் உச்சி வரை செல்லத் தார்ச்சாலை இருக்கிறது. வருவோரில் மிகப் பலர் அதிலேயே வருகிறார்கள். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் சிலர் மட்டும் அடிவாரத்தில் காலணியைக் கழற்றிவிட்டு, உஸ்கான் போட்ட கற்படிகளில், சிலுவைப்பாதையின் நிலைகளில் நின்று நின்று ஏறுகிறார்கள்.